பதினேழாம் எண்ணின் ஆறு நிமிடம்

போட்டிக்குப் போகும்போது இருபத்து மூன்று பேராக இருந்த தேசிய மகளிர் கால்பந்து அணி, திரும்பி வந்தபோது இருபத்து நான்கு பேராக இருந்தது. விமானத்தில் இருபத்து மூன்று இருக்கைகள்தான் பதிவாகியிருந்தன. ஆனாலும் யாரும் நின்றுகொண்டு வரவில்லை. புறப்படும் முன் எடுத்த குரூப் போட்டோவை வரவழைத்துப் பார்த்தார்கள். தலைகளை எண்ணினால் இருபத்து மூன்று வந்தது. பெயர் சொல்லி ஒவ்வொரு முகமாக விரல் வைத்தால் இருபத்து நான்கு வந்தது. ஒவ்வொருத்திக்கும் பிறப்புச் சான்றிதழ் இருந்தது, பிறந்த வீடு இருந்தது, விழுந்த முதல் பல்லை டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்திய ஒரு அம்மாவோ அத்தையோ இருந்தாள். கூடுதலாக வந்தவள் யார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. அந்த வாரம் சிமென்ட் விலையும் கொஞ்சம் ஏறியிருந்தது. செய்தித்தாள்கள் இரண்டு செய்தியையும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்துப் போட்டன.

இதில் செக்கரம்மாவுக்கு இரண்டு பக்கமும் இடி. பஸ் டெப்போவில் டிக்கெட் பரிசோதகர் வேலை அவளுக்கு. முன்படியில் கால் வைத்ததும் பின்சீட்டு வரை ஒரே ஒரு பார்வை. உள்ளே எத்தனை தலை என்று வாய் தானாகச் சொல்லிவிடும். மடியில் தூங்கும் கைக்குழந்தை, செருப்பைத் தேடி சீட்டுக்குக் கீழே குனிந்தவர், யாரும் தப்ப முடியாது. பத்தொன்பது வருடத்தில் ஒரு தலை கூடியதில்லை, ஒரு தலை குறைந்ததில்லை. ‘எமன் வீட்டுக் கணக்குப்பிள்ளை’ என்று கண்டக்டர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முன்னால் வந்தால் எழுந்து நிற்பார்கள். இது ஒரு பக்கம். மறுபக்கம், அணியின் பதினேழாம் எண் அவளுடைய சொந்தத் தங்கை. பெற்றவர்கள் இருவரும் ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தபோது தங்கைக்கு ஐந்து வயது, அக்காவுக்கு இருபத்து இரண்டு. அன்றிலிருந்து அம்மாவும் அக்காதான், அப்பாவும் அக்காதான். பந்து வாங்கிக் கொடுத்ததும் அக்கா, அது பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்தபோது முதுகில் ஒன்று வைத்ததும் அக்கா.

டெப்போவுக்கு எதிர்ச் சந்தில் லாரி டயர் ரீட்ரெடிங் பட்டறை ஒன்று இருந்தது. தேய்ந்த டயரைச் சுரண்டி, புது ரப்பர் பட்டை சுற்றி, சேம்பருக்குள் தள்ளி வேகவைத்து எடுப்பார்கள். அணி ஆடுகிற நாட்களில் பட்டறைக்காரர் சேம்பரை அணைத்துவிட்டு, பதினொரு டயர்களை அரைவட்டமாகப் போட்டு எதிரே டிவியை வைப்பார். பதினொரு டயருக்குப் பதினொரு ரசிகர்கள். செக்கரம்மா அதில் ஒருத்தி. இந்தக் கூட்டத்துக்கு வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. யாரும் பந்தைப் பார்க்கக் கூடாது. ஆளுக்கு ஒரு ஆட்டக்காரி. தொண்ணூறு நிமிடமும் அவளை மட்டும் பார்க்க வேண்டும். கோல் விழுந்ததா இல்லையா என்பதை அடுத்த டயர்க்காரரின் அலறலில் இருந்து தெரிந்துகொள்ளலாம். “பந்த ஊரே பாக்குது. ஆள யார் பாக்குறது?” என்பது பட்டறைக்காரரின் சித்தாந்தம். சொந்தக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது. ஒருத்தி வெளியே போய் மாற்று ஆட்டக்காரி உள்ளே வந்தால், போனவளைப் பார்த்துக்கொண்டிருந்தவரே வந்தவளையும் பார்க்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அலசல். முடிவை முதலில் நோட்டில் பென்சிலால் எழுதுவார்கள். மூன்று நாள் ஆறப்போட்டு, நான்காம் நாள் மையில் எழுதுவார்கள். வேகாத ரப்பரில் காற்றடிக்கக் கூடாது என்பார் பட்டறைக்காரர்.

கேமரா எப்போதும் பந்தின் பின்னாலேயே ஓடும் என்பதால் முதல் வருடம் சற்றுச் சிரமமாக இருந்தது. இரண்டாம் வருடத்திலிருந்து, டிவி காட்டாத ஆட்டக்காரியையும் பார்க்கப் பழகிவிட்டார்கள். திரையின் ஓரத்தில் கண்ணை வைத்துக் கொஞ்சம் பொறுமையாக இருந்தால் போதும், மைதானத்தின் மிச்சம் பட்டறைச் சுவரில் மெல்ல விரியும். ஒருமுறை, நான்காம் எண் முப்பத்தோராவது நிமிடத்தில் இடது ஷூவின் நாடாவை இரண்டு முடிச்சாகப் போட்டாள் என்று நோட்டில் எழுதினார்கள். எந்தக் கேமராவிலும் அது பதிவாகவில்லை. நான்காம் எண்ணே நேரில் வந்து, ஆமாம், இரண்டு முடிச்சுதான் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனாள். அதிலிருந்து கால்பந்து சங்கமே பட்டறை நோட்டை நகல் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது.

அந்தப் போட்டியில் அணிக்கு மூன்று ஆட்டங்கள். முதல் ஆட்டத்தை இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. இரண்டாவது ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. ஒன்பதாம் எண் காலி கோலுக்கு வெளியே அடித்திராவிட்டால் அதுவும் ஜெயம்தான். மூன்றாவது ஆட்டத்தை டிரா செய்தாலே அடுத்த சுற்று. எண்பத்து நான்காவது நிமிடம் வரைக்கும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. செக்கரம்மா ஆறாம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் எண் நொண்டத் தொடங்கினாள், பலகை உயர்ந்தது, ஆறு வெளியே, பதினேழு உள்ளே. வழக்கப்படி பதினேழு இப்போது செக்கரம்மாவின் பார்வையில். சொந்தக்காரர் கூடாது என்ற விதி ஒரு பக்கம், மாற்று வந்தால் அதே கண் என்ற விதி மறுபக்கம். இரண்டும் முட்டிக்கொள்ளும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. வேறொருவரோடு டயர் மாறி உட்கார நேரமில்லை. தங்கை எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடுவதை அக்கா பார்த்தாள். அவ்வளவுதான். அதற்கு மேல் நெஞ்சு கேட்கவில்லை. கண்ணை டிவிக்கு மேலே இருந்த சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றி, மிச்சம் ஆறு நிமிடமும் விநாடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பத்தெட்டாவது நிமிடம் கோல் விழுந்தது. அணி தோற்று வெளியேறியது. அன்று அலசலில் பதினேழாம் எண்ணுக்கு நேராக அவள் எழுதியது இரண்டே சொற்கள்: ‘பிழை இல்லை.’ மற்றவர்கள் கோல் வாங்கிய துக்கத்தில் இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

அணி திரும்பிய பத்தாம் நாள், சங்கத்தின் செயலாளர் பட்டறைக்கு வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. டயரில் உட்கார மனமில்லாமல் நின்றுகொண்டே பேசினார். சர்வதேச அமைப்பு கடிதம் போட்டிருக்கிறது, இருபத்து மூன்று பேருக்கு மேல் கூட்டிப் போனது விதிமீறல், ஒரு மாதத்துக்குள் கூடுதல் ஆளைக் கண்டுபிடித்துப் பட்டியலில் இருந்து அடிக்காவிட்டால் நான்கு வருடத் தடை. “நீங்கதான் சார் ஆளாளுக்குப் பாத்துட்டிருந்தீங்க. யாருன்னு ஒரு பேரு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

ஏழு சாயங்காலம் மூன்று ஆட்டங்களையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். வேர்க்கடலைத் தோல் தரையெல்லாம் சிதறியது. கூட்டத்திலேயே மூத்தவர் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். எதைப் பார்த்தாலும் ஆஃப்சைடு என்று கத்துவதால் அவர் பெயரே ஆஃப்சைடு. ஒன்பதாம் எண்ணைப் பார்த்தவர் மருந்துக்கடைக்காரர். காலி கோலை விட்டதை அவரால் மன்னிக்க முடியவில்லை. “கீப்பர்கூட இல்ல வாத்தியாரே. ஆளில்லாத வீடு மாதிரி தெறந்து கெடக்குது. அதுக்கு வெளிய அடிக்கிறா!” என்று முதல் நாள் புலம்பினார். “மனுஷப் பிறவி அத விடுமாய்யா?” என்றார் ஆஃப்சைடு. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாளும் அதே பேச்சு, அதே சிரிப்பு. நான்காம் நாள் சிரிப்பு நின்றுவிட்டது. பேச்சு மட்டும் இருந்தது. ஆறாம் நாள் அது கருத்தாகியிருந்தது, ஏழாம் நாள் ஆதாரமாகியிருந்தது. பென்சிலில் எழுதி, மூன்று நாள் ஆறப்போட்டு, மையில் எழுதினார்கள்: கூடுதல் ஆள், எண் ஒன்பது. பதினொரு கைகள் உயர்ந்தன. செக்கரம்மாவின் கையும் அதில் ஒன்று.

செயலாளர் பட்டியலில் ஒரு கோடு இழுத்தார். மறுநாள் காலை பயிற்சி மைதானத்தின் உடை மாற்றும் அறையில், ஒன்பதாம் எண் பெட்டிக்குள் துடைப்பமும் பினாயிலும் இருந்தன. காலங்காலமாக அங்கேதான் இருப்பதாகத் துப்புரவுக்காரர் சொன்னார். கோல் போட்ட பழைய படங்களில் பந்து மட்டும் வலைக்குள் கிடந்தது. இவ்வளவும் நடந்தபின் அணியை வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். இருபத்து நான்கு. ஒன்பது என்ற எண் இல்லை. ஆனால் கடைசி எண் இருபத்தைந்தாக இருந்தது, எப்போதுமே இருபத்தைந்துதான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்பதாம் எண்ணை நினைவு வைத்திருந்தவர்கள் அந்த நாட்டிலேயே பதினொரு பேர்தான்.

செக்கரம்மா ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போனாள். ஒன்பதாம் எண்ணின் அம்மாவுக்கு அங்கேதான் வேலை. அணியை வழியனுப்பிய அன்று, விமான நிலையத்தில் இருவரும் ஒரே தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதிருந்தார்கள். இப்போது அந்தப் பெண்மணி வெந்நீர் ஆவிக்கு நடுவே போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். யாரோ அரசாங்க ஆள் வந்திருக்கிறார் என்று சீருடையைப் பார்த்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“உங்க பொண்ணு...” என்று ஆரம்பித்தாள் செக்கரம்மா.

“பொண்ணா? எனக்கு ரெண்டும் பசங்கம்மா. பொண்ணு வேணும்னு ஆசதான், குடுத்து வைக்கல.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு கையில் இருந்த போர்வையைப் பார்த்து, “இத எதுக்கு ரெண்டா மடிச்சு மார்ல வச்சிருக்கேன், பாருங்க” என்று தன்னையே கேலி செய்துகொண்டு அடுக்கில் போட்டாள்.

செக்கரம்மா பஸ் ஏறித் திரும்பினாள். வழியில் எட்டுத் தலை இருந்த பஸ்ஸில் எட்டு டிக்கெட் சரிபார்த்தாள். எண்ணிக்கை பிசகவில்லை.

செயலாளர் மறுபடி வந்தார். இந்த முறை அவர் சட்டை மடிப்பு கலைந்திருந்தது. “ஃபைல்ல ஒரு கோடு இருக்கு. கோட்டுக்குக் கீழ பேரு இல்ல. போன தடவ நீங்க யாரச் சொன்னீங்கன்னு எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது. ஆனா எண்ணிக்க கொறையல. இன்னும் ஒரு பேரு குடுங்க.” டயர்களில் இருந்த பதினொரு பேரும் தரையைப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் எழுந்து வெளியே போய், சந்து முனையில் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

இம்முறை அணி டாக்டரின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்பும் பின்பும் அவர் எல்லோருக்கும் நாடி பார்த்து எழுதுவார். மூன்றாவது ஆட்டத்துக்கு முன்பு இருபத்து மூன்று நாடி. ஆட்டம் முடிந்ததும் இருபத்து நான்கு. இதை முதலிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் ரசிகர்கள் முதலில் பார்ப்பது யார் கோலை விட்டார்கள் என்பதைத்தான்.

“அப்ப அந்த ஆட்டத்துல, மைதானத்துக்குள்ளதான் வந்திருக்கு” என்றார் ஆஃப்சைடு. “எங்க யாரும் பாக்கலியோ அந்த ஓட்ட வழியாத்தான வரும்? அவங்கவங்க ஆள நிமிஷம் நிமிஷமா சொல்லுங்க.” ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தும்மல், மூக்குச் சிந்தல், கால்சட்டையை இழுத்துவிட்டது, எதிரணிக்காரியை முழங்கையால் குத்தியது, ஒன்று விடாமல். கடைசியில் நோட்டில் பதினேழுக்கு நேரே வந்தார்கள். ‘பிழை இல்லை.’

“ஆறு நிமிஷம் இருக்கேம்மா. ரெண்டே வார்த்ததானா?”

“பிழ இல்லைன்னா இல்லதான். அதுக்கு மேல என்ன எழுதறது?”

“கோல் விழுந்தப்ப எந்தப் பக்கம் திரும்பி நின்னா?”

செக்கரம்மாவின் கண் தானாக டிவிக்கு மேலே போனது. சுவர்க் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடுவது பட்டறை முழுக்கக் கேட்டது. பத்துப் பேரும் அவள் கண் போன திசையில் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், புரிந்துகொண்டார்கள். பட்டறைக்காரர் பென்சிலை எடுத்து, மன்னிப்புக் கேட்கிறவர் மாதிரி மெல்லிய எழுத்தில் எழுதினார்: பதினேழு.

“வேணும்னு இல்ல செக்கரம்மா. மூணு நாள் இருக்கு.”

பென்சில் எழுத்துக்கே பாதி வேலை செய்யும் தெம்பு இருந்தது. முதல் நாள் காலை, தங்கை தலைவாரிய சீப்பில் ஒரு முடிகூட இல்லை. இரண்டாம் நாள் அவள் குளித்துவிட்டு வந்த ஈரக்கால் தடம், குளியலறை வாசலில் இருந்து நான்கடி வந்ததும் நின்றுவிட்டது. அவள் மட்டும் சமையலறை வரை நடந்து வந்தாள். அன்று சாயங்காலம் மாடிக்கொடியில் தங்கை துணி உலர்த்திக்கொண்டிருக்க, எதிர்வீட்டுக்காரி கைப்பிடிச் சுவர் மேல் சாய்ந்து, “இவ்ளோ பெரிய வீட்ல தனியா இருக்கீங்களே, பயமா இல்ல?” என்று செக்கரம்மாவைக் கேட்டாள். தங்கை வாயில் கிளிப்போடு திரும்பிப் பார்த்தாள். கொடியில் கடைசித் துணியை மாட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போனாள்.

செக்கரம்மா வீட்டில் அத்தாட்சி தேட ஆரம்பித்தாள். நிலைக்கதவில் வருடா வருடம் உயரம் குறித்த கோடுகள் இருந்தன. அஞ்சாம் வகுப்பு மதிப்பெண் அட்டை இருந்தது. தங்கையின் முழங்காலில், அக்கா கை தவறி இஸ்திரிப் பெட்டி பட்ட தழும்பு இருந்தது. ஆனால் இதெல்லாம் இருபத்து நான்கு வீட்டிலும் இருந்தது. ஒன்பதாம் எண்ணின் வீட்டிலும் இருந்திருக்கும். அத்தாட்சிக்கு ஆயுள் எவ்வளவு என்பதை அவள் சலவைக்கூடத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தாள். போதாததற்கு ஒரு சந்தேகம், செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி. அந்த ஆறு நிமிடத்தில் உள்ளே போனவள் என் தங்கை. வெளியே வந்தவள்?

மூன்றாம் நாள் இரவு சாப்பிடும்போது தங்கையே ஆரம்பித்தாள். “அக்கா, ஒண்ணு கேட்டா உண்ம சொல்லுவியா?”

“மொதல்ல சாப்பிடு.”

“அந்த ஆறு நிமிஷம் என்னப் பாத்தியா நீ?”

பத்தொன்பது வருடம் அடுத்தவர் பொய்யைப் பிடித்தே சம்பளம் வாங்கியவளுக்குச் சொந்தப் பொய் நாக்கில் ஒட்டவில்லை. “பாக்கலடி. கடிகாரத்தப் பாத்துட்டிருந்தேன். நீ எங்க தப்பு பண்ணிடுவியோன்னு... முடியல.”

தங்கை கோபப்படவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். “கோலான பந்த நான் விடலக்கா. எனக்கு முன்னாடி நின்னவ விட்டா.”

“உனக்கு முன்னாடி யாரும் இல்லியே.”

“பாக்காத உனக்கு எப்பிடித் தெரியும்?”

தங்கை தண்ணீர் குடித்தாள். தொண்டையில் தண்ணீர் இறங்குவது வெளியே தெரிந்தது. அந்த அளவுக்கு மெலிந்திருந்தது தோல். “நான் உள்ள வந்ததும் யாரோ என்னப் பாக்கறத நிறுத்துன மாதிரி இருந்துச்சு. சில்லுனு ஆச்சு. திரும்பினா என் சட்ட போட்டுட்டு ஒருத்தி நிக்கிறா. முகம் பாக்கறதுக்குள்ள விசில் அடிச்சுட்டாங்க.” பிறகு, கொஞ்சம் யோசித்து, மூன்று வருடமாக அக்காவிடம் கேட்க நினைத்து மறந்துபோன ஏதோ சில்லறைச் சந்தேகம் மாதிரி கேட்டாள்: “ஒருவேள நாந்தான் அவளோ?”

செக்கரம்மா தங்கையை நேராகப் பார்த்தாள். அந்த ஆறு நிமிடத்தில் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. இவள் அவளா, அவள் இவளா என்பது அந்தப் பார்வையிலும் தெரியவில்லை. பசிக்குச் சாப்பிட்டாள், அக்கா என்றாள், பயந்துபோயிருந்தாள். இவ்வளவுதான் தெரிந்தது.

“யாரா இருந்தா என்ன? சாப்ட்ட தட்டக் கழுவி வச்சுட்டு வா” என்றாள்.

நான்காம் நாள், மையில் எழுத வேண்டிய நாள். செயலாளர் பேனாவோடு வந்திருந்தார். பத்துக் கைகள் உயர்ந்தன. சிலது முழுதாக, சிலது காதைச் சொறிவது போல. வழக்கப்படி பதினோராவது கையும் வேண்டும். செக்கரம்மா கையைத் தூக்கவில்லை, செயலாளரைப் பார்த்து, “இருபத்து நாலுன்னு எண்ணினது யாரு?” என்றாள்.

“நாந்தாம்மா. ரெண்டு தடவ எண்ணினேன்.”

“நீங்க எண்ணினா ஆச்சா? நான் உங்க ஆபீஸ்ல வந்து ஃபைல் பாக்கறேனா? எண்ணுறது என் தொழில். மை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் எண்ணுறேன். என் வாயில இருபத்து நாலு வந்தா, என் கையாலயே அவ பேர எழுதறேன்.”

மறுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பத்தொன்பது வருடம் பிசகாத வாய் அது. பதினொரு பேரும் செயலாளரும் பயிற்சி மைதானத்துக்குப் போனார்கள். பத்து மணிக்கு அணியின் பஸ் வந்து நின்றது. செக்கரம்மா சீருடையின் மேல்பட்டனைப் போட்டுக்கொண்டு முன்படியோரம் நின்றாள். இடது கையில் டிக்கெட் துளையிடும் கருவி. ஒவ்வொருத்தி இறங்கும்போதும் ஒரு சொடுக்கு, ஒரு எண், உரக்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. பதினாறு வந்தபோது ஆஃப்சைடு உதட்டுக்குள் தானும் எண்ணத் தொடங்கினார். இருபத்து ஒண்ணு. இருபத்து ரெண்டு. கீப்பர் கையுறையைக் கடித்துக்கொண்டே இறங்கினாள். இருபத்து மூணு.

பஸ்ஸில் இன்னும் ஒருத்தி பாக்கி. மேல்படியில் நின்றாள் தங்கை. வெயில் அவள் பின்னால் இருந்தது. அவள் சட்டையின் ஊடே பின்சீட்டின் கிழிசல் தெரிந்தது, கிழிசலில் பிதுங்கிய பஞ்சும் தெரிந்தது. பஸ் என்ஜினை அணைத்தார்கள். அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தாள். தங்கை ஒரு படி இறங்கினாள், இன்னொரு படி, பிறகு தரை. கருவி சொடுக்கியது.

“இருபத்து மூணு” என்றாள் செக்கரம்மா.

கீப்பர் திரும்பிப் பார்த்தாள். “மேடம், இருபத்து மூணு நானு.”

“நீயுந்தான். வழிய விட்டு நகரு.”

தங்கையின் கால் பட்ட இடத்தில் மண் மெல்ல அழுங்கி, ஷூவின் ஆணித் தடம் ஆறும் பதிவதை எல்லோரும் பார்த்தார்கள். செயலாளர் பேனா மூடியைக் கழற்றி, சர்வதேச அமைப்பின் படிவத்தில் இருபத்து மூன்று என்று எழுதினார். செக்கரம்மா கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தாள். ஆஃப்சைடு மட்டும் அருகில் வந்து, “அம்மா, ரெண்டு தடவ சொன்ன மாதிரி...” என்று இழுத்தார். “உங்க காது ஆஃப்சைடு சார்” என்றாள். அவர் தலையாட்டிக்கொண்டு ஒதுங்கினார். கூட்டத்தின் கடைசியில் நின்ற மருந்துக்கடைக்காரர் யாரையும் பார்க்காமல், “அப்ப ஒம்பதையும் இப்பிடி எண்ணியிருக்கலாம்” என்றார். அடுத்த ஆட்டத்திலிருந்து அவர் பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் மற்றவர்களும் பந்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அன்று முதல் அணியின் இருபத்து நான்கு பேரும் இருபத்து மூன்று பேராக இருந்தார்கள். ஓட்டல்களில் இருபத்து மூன்று கட்டில் போட்டார்கள், எல்லோரும் தனித்தனியாகவே தூங்கினார்கள். அறைக்குள் ஒரு மூச்சுச் சத்தம் கூடுதலாகக் கேட்கும் என்று சிலர் சொன்னார்கள். ஃபேன் சத்தம் பழகுவது போல அதுவும் பழகிவிட்டது. தடை வரவில்லை. தங்கை இன்னும் எட்டு வருடம் ஆடினாள், இரண்டு முறை கேப்டனாக இருந்தாள், முழங்கால் போனபின் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை ஆனாள். அவள் ஆடிய எந்த ஆட்டத்திலும் அக்கா அவளை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை. “இமைய மூடேன் அக்கா, கண்ணு காஞ்சு போகும்” என்று தங்கை கிண்டல் செய்வாள். ‘ஒருவேள நாந்தான் அவளோ’ என்ற கேள்வியை இருவரும் மறுபடி எடுக்கவில்லை.

செக்கரம்மாவின் எண்ணிக்கைதான் போய்விட்டது. மைதானத்தில் இருந்து திரும்பிய அன்று, டெப்போ வாசலில் ஒரு பஸ்ஸில் ஏறிப் பார்த்தாள். இருபத்து மூன்று தலை. அடுத்த பஸ்ஸில் நெரிசல், படியில் ஆள் தொங்கியது, இருபத்து மூன்று. ஷெட்டில் நின்ற காலி பஸ்ஸில் ஏறினாள். அதிலும் இருபத்து மூன்று. மேலதிகாரி இரண்டு மாதம் பார்த்துவிட்டு, இனிமேல் தலையை எண்ண வேண்டாம், டிக்கெட்டை மட்டும் வாங்கிப் பார்த்துக் கொடுத்தால் போதும் என்று உத்தரவு போட்டார். அப்படியே ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தாள்.

ஆஸ்பத்திரி வழித்தடத்தில் காலை எட்டரை பஸ்ஸில் சலவைக்கூடத்துப் பெண்மணி தினமும் வருவாள். இருவர் சீட்டில் ஜன்னலோரத்தைக் காலியாக விட்டு இந்தப் பக்கம் உட்காருவாள். கண்டக்டர் கேட்பதற்கு முன்பே கை இரண்டு விரலைக் காட்டும். இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு, எதற்கு வாங்கினோம் என்று ஒவ்வொரு நாளும் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருவர் ஒரு டிக்கெட்டுக்கு மேல் வைத்திருந்தால் விசாரித்து எழுத வேண்டும் என்பது விதி. செக்கரம்மா ஒரு நாளும் விசாரித்ததில்லை. முதல் டிக்கெட்டைத் துளையிட்டு அவள் கையில் கொடுப்பாள். இரண்டாவதைத் துளையிட்டு, சற்றுக் குனிந்து, ஜன்னலோரத்துக் காலி இடத்தில் வைப்பாள். காற்றடித்தாலும் அது பறப்பதில்லை. பிறகு அடுத்த சீட்டுக்கு நகர்வாள்.